கோபுரச் சீட்டிலிருந்து விழுந்தவர்கள்

மேலக்கரையில் ககனம் ஹைட்ஸ் என்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடிக்கு எதிரே, வெறும் ஆகாயத்தில், இரண்டு ஆண்பிள்ளைகள் தலைகீழாக விழுந்துகொண்டே இருந்த காலத்தில், அந்த ஊரில் மழை பெய்தது, பால் விலை ஏறியது, பள்ளிக்கூடம் திறந்து மூடியது, கல்யாணங்கள் நடந்தன, சாவுகள் விழுந்தன, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து போனது. அந்த இரண்டு பேர் மட்டும் விழுந்து முடிக்கவே இல்லை. அவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று கேட்க அத்தனை பெரிய ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் பெயர் ஜெசிந்தா. கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில், தையற்கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து டாரட் சீட்டுப் போட்டுக் குறி சொல்கிறவள். விழுந்துகொண்டிருந்த இரண்டு பேரும் அவளுடைய சீட்டிலிருந்து வந்தவர்கள்.

ஜெசிந்தாவிடம் இருந்த சீட்டுக்கட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு: முதல் கட்டை நாமே காசு கொடுத்து வாங்கக்கூடாது, யாராவது மனசார நமக்குத் தர வேண்டும். நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்த நாளில் இதை எங்கேயோ படித்துவிட்டு, யாராவது தருவார்கள் என்று அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். அவளுக்கு யாரும் ஒரு கைக்குட்டைகூடத் தரவில்லை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் திருச்சிக்குப் பஸ் ஏறி, பழைய புத்தகக் கடையில், மூலை மடங்கிப்போன ஒரு மஞ்சள் கட்டை அவளே வாங்கிவந்தாள். பையில் அதைப் பார்த்த பள்ளி நிர்வாகி, பிசாசு வேலை என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார். ஆத்திரத்தில் வாங்கின கட்டு என்பதாலோ என்னவோ, அது எப்போதும் முகத்துக்கு நேராகப் பேசும். நிலத் தகராறு, பங்காளிச் சண்டை, பாகப்பிரிவினை எல்லாவற்றுக்கும் அவள் மஞ்சள் கட்டைத்தான் எடுப்பாள்.

இரண்டாவது பூனைக் கட்டு. ராஜா, ராணி, சந்நியாசி, சாவு எல்லாருமே அதில் பூனைகள். கனடாவுக்குப் போன ஒரு வாடிக்கையாளர் குறிக் காசு பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனது. காதல் விஷயமாக வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது. மீசை வைத்த பூனை சொன்னால் எந்தக் கெட்ட செய்தியையும் அதுகள் பாதி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளும் என்பது ஜெசிந்தாவின் அனுபவம்.

மூன்றாவது, சூசை கட்டு. அதுதான் அவள் உயிர். சூசை பெயின்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றுப் பலகையில் தொங்கி வேலை பார்க்கிற ஆள். அவளுடைய அறைக்கு வெள்ளையடிக்க வந்தவன், மேசையில் பரப்பியிருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மூணு சீட்டா?" என்று கேட்டான். அவள் அரைமணி நேரம் திட்டினாள். அவன் அரைமணி நேரமும் வாளியைக் கீழே வைக்காமல் கேட்டான். அடுத்த மழைக்காலத்தில், வெளிச்சுவர் வேலை நின்றுபோன நாட்களில், அச்சகத்தில் வீணாகிக் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, வாளிகளில் மிஞ்சின பெயின்டைக் கொண்டு, அவள் சொல்லச் சொல்ல அவன் எழுபத்தெட்டு சீட்டும் வரைந்தான். சுவரைத் தண்ணீர் மாதிரி வழவழவென்று பூசத் தெரிந்த அந்த மனுஷனுக்கு மூக்கு வரையத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்துத் தன் மூக்கையே எல்லாருக்கும் வைத்துவிட்டான். பேரரசிக்கும் அந்த முருங்கைக்காய் மூக்கு, சூரியனுக்கும் அந்த மூக்கு, பிசாசுக்கும் அதே மூக்கு. வாயும் ஒரே வாய்தான், சிரிக்கிற வாய். வேறு வாய் அவனுக்கு வரவில்லை.

"இந்தாங்க டீச்சர். நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க, அழிச்சிட்டு வேற அடிச்சுத் தர்றேன்."

அவளுக்கு யாரோ மனசாரக் கொடுத்த முதல் கட்டு அது. சம்பிரதாயப்படி பார்த்தால் அன்றைக்குத்தான் அவள் தொழிலே ஆரம்பமானது. அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சாயங்காலமானால் அவன் மாடிக்கு வருவான், கீழே வள்ளிக்கண்ணு கடையிலிருந்து இரண்டு டீ வரும், அன்றைக்கு ஒரு சீட்டை எடுத்து இருவரும் பார்ப்பார்கள். ஊர் இதைப் பற்றி என்னென்னவோ பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவர்கள் டீயைக் குடித்தார்கள்.

அந்தச் சீட்டுக்கட்டில் கோபுரம் என்று ஒரு சீட்டு. எல்லாக் கட்டிலும் அது உண்டு. உயரமான கட்டடம், மேலே இடி, இரண்டு பேர் கீழே விழுவார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச உயரம் நான் வேலை பாக்குற பில்டிங்குதான் டீச்சர்," என்று சூசை ககனம் ஹைட்ஸை வரைந்தான். விழுகிற இரண்டு பேரில் ஒருவன் பிரஷ்ஷோடு அவன்; இன்னொருவன் அரைக்கால் டிரவுசர் போட்ட பிகாஷ், கூட வேலை செய்கிற ஒடிசாப் பையன்.

"தன்னைத் தானே யாராவது வரைவாங்களா? அழிங்க முதல்ல."

"மேல எங்க ரெண்டு பேரைத் தவிர நான் யாரையும் பாத்ததில்லையே. அதுவுமில்லாம நீங்கதானே சொல்லுவீங்க, அது கெட்ட சீட்டு இல்லை, மாற்றம்னு."

சொல்வாள்தான். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். குறி கேட்க வந்தவரிடம் நீ விழப்போகிறாய் என்று எவரும் சொல்வதில்லை. சாவுச் சீட்டு வந்தால், சாவு இல்லைங்க, ஒரு கட்டம் முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குது என்பார்கள். கோபுரம் வந்தால் மாற்றம் என்பார்கள். ஜெசிந்தா ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி, சீட்டே பார்க்காதவர்கள்கூட, தேங்காய் அழுகியிருந்தால் மாற்றம் என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது, அது வேறு யாரிடமும் இல்லாதது. சீட்டைத் திருப்பியதும் அவளாக வாயைத் திறக்கமாட்டாள். "முதல்ல நீங்க என்ன பாக்குறீங்க, சொல்லுங்க," என்பாள். வந்தவர் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் குறி.

ஒரு மத்தியானம் கயிறு அறுந்தது. தெருவே பார்த்தது. ஜெசிந்தா மட்டும் அன்றைக்குத் திருச்சியில் கண் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கட்டடத்து வாசல் ஈரமாக இருந்தது, கழுவிவிட்டிருந்தார்கள். சூசையும் பிகாஷும் குடித்துவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் போய் பைபாஸில் லாரியில் மோதிச் செத்துப்போனார்கள் என்று தெரு முழுக்க ஒரே குரலில் சொன்னது. சூசைக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கட்டடத்தைக் கட்டின குலோத்துங்கன், அப்படி இரண்டு பேர் தன்னிடம் வேலையே பார்க்கவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மேலக்கரையில் மறைத்ததோடு நிற்காமல் அந்தச் சோற்றைப் பிசைந்து ஊரே சாப்பிட்டது.

அவள் வள்ளிக்கண்ணுவிடம் போனாள். டீக்கடை கட்டடத்து வாசலுக்கு நேர் எதிரே.

"நீ பாத்திருப்பேல்ல வள்ளிக்கண்ணு?"

"நான் பாக்கலக்கா. பால் பொங்கிக்கிட்டு இருந்துச்சு, குனிஞ்சிருந்தேன்."

"விழுந்த சத்தம்கூடவா கேக்கலை?"

"ஸ்டவ்வு சத்தத்துல என்னக்கா கேக்கும்?" என்று சொல்லி அவள் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவின கிளாஸையே மறுபடி கழுவினாள். கடை நின்ற இடம் குலோத்துங்கனுடையது.

சூசையைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிகாஷை யார், எங்கே எரித்தார்கள் என்று தெரியவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஜெசிந்தா சூசை கட்டை அவிழ்த்தாள். கோபுரச் சீட்டில் கோபுரம் இருந்தது, இடி இருந்தது, ஆட்கள் இல்லை. அவள் ஜன்னலைத் திறந்தாள். எட்டாவது மாடிக்கு எதிரே, கறுப்புக் கோடு போட்ட உடம்பும் முருங்கைக்காய் மூக்குமாக, சீட்டில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு, சூசையும் பிகாஷும் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார்கள். விழுகிற வேகம் ஒரு நாளைக்கு நாலு விரற்கடை.

முதல் வாரம் ஊர் தலையை அண்ணாந்தே நடந்தது, நிறையப் பேருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து, ஏணியில் ஏறிய வீரர் பிகாஷின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, பெயின்ட் இன்னும் காயவில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மின்வாரியத்தார் வந்து, இடைஞ்சல் என்று ஒரு கம்பியை மட்டும் தள்ளிப் போட்டார்கள். பங்குத்தந்தை வந்து, டிரவுசர் போட்டிருப்பதால் இவர்கள் தேவதூதர்களாக, சம்மனசுகளாக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பாதி வீட்டுச் சுவர் சூசை பூசியது. அந்த மூக்கைத் தெரியாதவர்கள் மேலக்கரையில் இல்லை. தெரியும் என்று சொன்னவர்களும் இல்லை. பூசி முடிக்காமல் அவன் விட்டுவிட்டுப் போன இடம் எட்டாவது மாடியில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டாகவே தெரிந்ததால், குலோத்துங்கன் அதன்மேல் தன் முகத்தை ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினார்.

பிறகு பழகிவிட்டது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஆகாயத்தில் மனுஷன் தொங்குவதும் அப்படித்தான் போலிருக்கிறது. எட்டாம் மாடிக்காரர்கள், பால்கனியில் தலை துவட்டக்கூட முடியவில்லை, இரண்டு ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் முறையிட்டார்கள், மூங்கில் திரை போட்டார்கள், பிறகு திரையைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளிகளுக்கு அவர்களைக் காட்டினார்கள். காக்கை ஒன்று சூசையின் இரண்டு பாதங்களுக்கு நடுவே கூடு கட்டியது. கவுன்சிலர் பிறந்தநாளுக்கு ஒருவன் காலிலிருந்து இன்னொருவன் காலுக்குக் கயிறு கட்டி வாழ்த்துப் பதாகை தொங்கவிட்டார்கள். ஏழாம் மாடி அம்மாள், தன் வீட்டுக் கிரில்லில் ஒரு முனையும் பிகாஷின் கணுக்காலில் ஒரு முனையுமாகக் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

"அது மனுசன் காலும்மா!" என்று ஜெசிந்தா எதிர் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"அவருக்கு ஒண்ணும் வலிக்கிற மாதிரி தெரியலீங்களே. சிரிச்ச முகமாத்தானே இருக்காரு," என்று அந்த அம்மாள் போர்வையை உதறிப் போட்டாள்.

குலோத்துங்கன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிறவர். இரண்டு பேரும் விழுவதைப் படம் பிடித்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, விளம்பரம் போட்டார். திருப்பிவிட்டால் அவர்கள் விழவில்லை, சிரித்துக்கொண்டே மேலே பறக்கிறார்கள். "ககனம் ஹைட்ஸ்: என்றும் ஏறுமுகம்" என்று கீழே எழுதியிருந்தது. சீட்டைத் தலைகீழாக வைத்தால் பலனும் தலைகீழாகும் என்பது ஜெசிந்தாவின் தொழில் ரகசியம். யாரும் கற்றுக்கொடுக்காமலே அந்த மனுஷனுக்கு அது தெரிந்திருந்தது. விற்காமல் கிடந்த வீடுகள் விற்றன. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளையும் பதவி உயர்வு கேட்கிற புருஷன்மார்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், கீழே சூடம் கொளுத்தினார்கள், ஏறுமுகச் சாமி என்று பெயர் வைத்தார்கள். சூசையின் பிரஷ்ஷிலிருந்து அவ்வப்போது சொட்டிய சந்தனக் கலர் பெயின்டை நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்கள். சாமி ஏறவில்லையே, நாளுக்கு நாள் இறங்குகிறதே என்று ஒருவருக்கும் தோன்றாமல் இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சாமி வீட்டுக்கு வீடு தரிசனம் தருகிறது என்றார்கள். அவர்கள் ஆறாம் மாடி மட்டத்துக்கு வந்தபோது ஆறாம் மாடியில் பொங்கல் வைத்தார்கள். ஐந்தாம் மாடிக்கு வந்தபோது, ஆறாம் மாடியைவிடக் குறைச்சல் இல்லை என்று ஐந்தாம் மாடிக்காரர்கள் பால்கனியில் வளைகாப்பே நடத்தினார்கள்.

ஜெசிந்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சூடம் காட்டுகிற கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். ஆள் இல்லாத கோபுரச் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது சாமி இல்லை. இது சூசை. உங்க வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்ச சூசை. அந்தப் பையன் பிகாஷ். இங்கேருந்துதான் விழுந்தாங்க. சாமியாக்கிட்டா கேள்வி கேக்க வேண்டாம்னு பாக்குறீங்களா?"

கூட்டம் அவளை அனுதாபத்தோடு பார்த்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தட்டு வைத்திருந்த பெண்மணி அவள் தோளைத் தட்டி, "நீங்களே சொல்லியிருக்கீங்கக்கா, விழுறதுன்னா விழுறது இல்லை, மாற்றம்னு. எனக்கே சொன்னீங்க, என் வீட்டுக்காரருக்கு வேலை போனப்ப," என்றாள். ஆமாம் ஆமாம், எனக்கும் சொன்னாங்க என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. அவள் ஊருக்குப் போட்ட மிட்டாயையெல்லாம் ஊர் திருப்பி அவள் வாயிலேயே திணித்தது. மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அன்று முழுவதும் அவள் அழுதாள், ஊரைத் திட்டினாள், தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் மாற்றம் என்று சொல்லவில்லை. விழுந்தால் விழுந்தது, செத்தால் செத்தது. புருஷன் திரும்பி வருவானா என்று கேட்டவளிடம், "வரமாட்டான், நீ உன் வேலையைப் பாரு," என்றாள். பூனைக் கட்டே பல்லைக் காட்டுகிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் அழுதுகொண்டு இறங்கிப் போயின. வாடிக்கை குறைந்து, தையற்கடைக்காரர் முத்துக்கறுப்பன் மட்டும் எப்போதாவது மேலே வந்து ஒரு சீட்டு எடுப்பார், எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமிவிட்டு இறங்கிப் போவார்.

இரண்டாம் மாடியையும் தாண்டி அவர்கள் இறங்கி வந்த சமயத்தில், குலோத்துங்கனே மாடியேறி வந்தார். அவருக்குத் தூக்கம் போயிருந்தது. சாமி தரைக்கு வரப்போகிற இடம், அன்றைக்குக் கழுவிவிட்ட அதே இடம். அங்கே அவர் சலவைக்கல் பாவியிருந்தார்.

"இந்தாம்மா, உன் சீட்டிலேருந்துதானே வந்தாங்க. நீயே திருப்பி வெச்சுரு. கீழே சின்னதா ஒரு கோயில் கட்டுறேன். குடமுழுக்கு அன்னிக்கு நீ வந்து சீட்டைக் காட்டு, சாமி ஐக்கியமாயிட்டார்னு நான் சொல்லிக்கிறேன். அப்புறம் பூசை, தட்டு எல்லாமே உன்னோடது."

ஜெசிந்தா கோபப்படவில்லை. சூசை கட்டை எடுத்துக் கலைத்து, "இடது கையால வெட்டுங்க," என்றாள். அவர் வெட்டினார். மேலே வந்தது கோபுரம்.

"முதல்ல நீங்க என்ன பாக்குறீங்க, சொல்லுங்க."

"ஒரு பில்டிங்கு. நல்ல பில்டிங்கு."

"வேற?"

"வேற என்ன? இடி மின்னல்."

"ஆளுங்க யாராவது?"

அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லை," என்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. இந்தக் கட்டடத்துலேருந்து யாருமே விழலையா?"

"யாரும் விழலை."

"அப்ப நான் யாரைத் திருப்பி வெக்கணும்?"

குலோத்துங்கனுக்கு முகம் கறுத்தது. நீ குடியிருக்கிற இந்தக் கட்டடத்தையும் வாங்கி உன்னைத் தெருவில் நிறுத்துகிறேனா இல்லையா பார் என்று படியிறங்கிப் போனார். சாமி சீட்டுக்குத் திரும்பாவிட்டால் போகிறது, தரைக்கு வந்த நிமிஷமே மேலே மண்டபத்தைக் கவிழ்த்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்து, செங்கல் இறக்கினார், குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

குடமுழுக்கு அன்று காலையில் மேலக்கரை முழுதும் ககனம் ஹைட்ஸ் வாசலில் இருந்தது. தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. சூசையும் பிகாஷும் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய தலைகீழ் முகங்கள் ஜனங்களின் முகங்களுக்கு நேருக்கு நேராக, சிரித்தபடி நின்றன. இத்தனை நாள் அண்ணாந்து கும்பிட்டவர்களுக்குக் கண்ணுக்குக் கண் பார்ப்பது சிரமமாக இருந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள், பின்னால் நின்றவர்கள் இன்னும் பின்னால். சலவைக்கல் தரையில் வட்டமாக ஓர் இடம் காலியானது. தவில் ஒரு கணம் ஓய்ந்தபோது, எல்லாருக்கும் அது கேட்டது: காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம். ஒரு நாளைக்கு நாலு விரற்கடை விழுந்தவர்கள், கடைசி மூன்று முழத்தை, மனுஷன் விழுகிற வேகத்தில் விழ ஆரம்பித்தார்கள்.

ஜெசிந்தா எப்படி அந்த வட்டத்துக்குள் வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கையைச் சூசையின் கழுத்துக்கு அடியிலும் மறு கையைப் பிகாஷின் கழுத்துக்கு அடியிலும் கொடுத்து முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் வரைந்த ஆட்கள் கனக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். மனுஷக் கனம் கனத்தார்கள். ஒரு கையால் ஒரு ஆளைத் தாங்க யாராலும் முடியாது. சூசையை இரண்டு கையாலும் பிடிக்க அவள் உடம்பெல்லாம் துடித்தது. பிடித்தால் அந்தப் பையன் இரண்டாவது தடவையாகக் கல்லில் விழுவான்.

"பிடிங்க! யாராவது இவனைப் பிடிங்க!"

"சாமியைத் தொடக்கூடாது," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"சாமி இல்லைடா, பெயின்டரு!" என்று அவள் கத்தினாள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பிகாஷின் தலை கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடியது. அவள் கூட்டத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால், அடுப்பைப் பார்த்துக் குனிந்திருந்த ஒருத்தியைப் பார்த்தாள். "வள்ளிக்கண்ணு! நீ என்ன பாத்தே, சொல்லு!"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வள்ளிக்கண்ணு அதை அப்படியே விட்டுவிட்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, பிகாஷின் தலையை இரண்டு கையாலும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தேன்," என்றாள். "எல்லாம் பாத்தேன். கயிறு நைஞ்சிருக்குன்னு சூசை அண்ணன் காலையிலயே சொன்னாரு. இந்தக் குலோத்துங்கன் சார்கிட்டதான் சொன்னாரு, என் கடை வாசல்ல நின்னு. இன்னிக்கு ஒருநாள் ஓட்டுன்னாரு இவரு. இந்தப் பையன் என் டீயைப் பாதி குடிச்சுட்டு, மீதியை வந்து குடிக்கிறேன் அக்கான்னு மேல போனான். எட்டாவது மாடியிலேருந்து விழுந்தாங்க. இதே இடத்துல விழுந்தாங்க. என் கடைத் தண்ணிய ஊத்தித்தான் கழுவுனாங்க. நான்தான் மோந்து குடுத்தேன்." பிறகு அவள் அழுதாள். "இவன் அம்மா நம்பர் என் போன்ல இருக்கு. என் போன்லதான் பேசுவான். அவங்க கூப்பிடும்போதெல்லாம் நான் கட் பண்ணிட்டேன்."

"மேளத்தை அடிங்கடா!" என்றார் குலோத்துங்கன். தவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் பாத்தேன்," என்று முத்துக்கறுப்பன் தொண்டையைச் செருமாமல் சொன்னார். முன்னால் வந்து சூசையின் தோளுக்கு அடியில் கை கொடுத்தார். காவலாளி நானும் என்றார். ஏழாம் மாடி அம்மாள், அப்போது வீடு பார்க்க வந்திருந்தேன், சத்தம் கேட்டது, தேங்காய் உடைக்கிறார்கள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன் என்றாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கை வந்தது. ஒவ்வொரு கை வர வர அந்த இரண்டு பேரும் கனம் குறைந்தார்கள்; கல்லில் மெதுவாகப் படுத்தார்கள்; கடைசி ஆள் சொல்லி முடித்தபோது யார் கையிலும் எதுவும் இல்லை, ஈரச் சந்தனக் கலர் மட்டும் முழங்கைவரை ஒட்டியிருந்தது. சலவைக்கல்லில் இரண்டு ஆட்களின் வடிவம் பதிந்திருந்தது. ஆசிட் போட்டுத் தேய்த்தும், கல்லையே பெயர்த்து வேறு கல் பாவியும், அது மறுபடி மறுபடி வருகிறது என்கிறார்கள். வழக்கு நடக்கிறது. குலோத்துங்கன் மாதிரி ஆட்கள்மேல் வழக்கு எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊர் இப்போது பைபாஸ் என்று சொல்வதில்லை.

அன்று ஜெசிந்தா பெயின்ட் கையோடு மாடியேறி, சூசை கட்டை அவிழ்த்தாள். கோபுரத்தின் அடியில் இரண்டு பேரும் படுத்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள், முன்பு அந்தச் சீட்டில் இல்லாதவர்கள். எல்லாருக்கும் அதே முருங்கைக்காய் மூக்கு. வாய் மட்டும் ஒருவருக்கும் சிரிக்கவில்லை. சூசைக்கு வேறு வாய் வரையத் தெரியாது என்று யார் சொன்னது என்று நினைத்து, அவள் வாய்விட்டு அழுதாள்.

இன்றைக்கும் அந்த மாடிக்கு யார் போனாலும், என்ன கேள்வி கேட்டாலும், அந்தச் சீட்டு வந்தால் ஜெசிந்தா பலன் சொல்வதில்லை. மேசையில் விரலை ஊன்றி, "என்ன பாக்குறீங்க, சொல்லுங்க," என்கிறாள். கட்டடம் என்கிறார்கள், கூட்டம் என்கிறார்கள், யாரோ இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்கிறார்கள். யாரோ இல்லை என்று, அந்த இரண்டு பேருடைய பெயரையும் அவள் சொல்லித் தருகிறாள். சூசை, பிகாஷ் என்று வந்தவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த சீட்டைத் திருப்புகிறாள்.